ச்சியைத் தேடித் தெற்கே ஒரு ரயில்

பெய்ஜிங்கின் வான ஆலயப் பூங்கா அதிகாலையிலேயே திறக்கிறது. 1420இல் மிங் பேரரசர் கட்டிய வளாகம் அது. நல்ல விளைச்சல் வேண்டிப் பேரரசர்கள் வழிபட்ட இடத்தில் இப்போது ஓய்வு பெற்றவர்களின் ராஜ்ஜியம். ஒரு கூட்டம் சீட்டாடுகிறது, இன்னொன்று பாடுகிறது, ஒரு தாத்தா மரத்தடியில் நின்று தன் முதுகை அடிமரத்தில் பொத்துப் பொத்தென்று மோதிக்கொண்டிருக்கிறார். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று. அதிலிருந்து வரும் குரல் சொல்லச் சொல்ல, முப்பது பேர் உள்ளங்கைகளை வானம் பார்க்க உயர்த்துகிறார்கள். பிறகு வில்லை வளைப்பதுபோல ஒரு கையை நீட்டி மறு கையை இழுக்கிறார்கள். பாதுவான்ஜின் என்று பெயர். எட்டே அசைவுகள்.

இது எவ்வளவு பழையது என்று கேட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று பதில் வரும். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஹொங் மாய் தொகுத்த கதைகளில் ஒரு குறிப்பு இருக்கிறது: 1117இல் ஒரு அதிகாரி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து பாதுவான்ஜின் பழகினாராம். கவனிக்க, உட்கார்ந்து. பூங்காவில் நின்று செய்யும் இன்றைய வரிசை 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை வகுத்தது. முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், மூச்சு எங்கே உள்ளே போக வேண்டும் என்பது வரை அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு யிஜின்ஜிங், வூச்சின்ஷி, லியூஸிஜுவே என்ற வேறு மூன்று பயிற்சிகளுக்கும் அரசு முத்திரை கிடைத்தது. பக்கத்து மரநிழலில் தாய்ச்சி ஆடும் குழுவின் 24 அசைவு வரிசையும் 1956இல் ஒரு குழு உட்கார்ந்து சுருக்கியதுதான்.

ச்சி என்று சீனர்கள் சொல்வது மூச்சும்தான், உயிராற்றலும்தான், உலைப்பானையின் ஆவியும்தான். உடலில் அது நாடிகள் வழியே ஓடுகிறது, தொப்புளுக்குச் சற்றுக் கீழே உள்ள தான்தியென் என்ற இடத்தில் சேர்கிறது, அடைபட்டால் நோய் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. உடலையும் மூச்சையும் மனத்தையும் ஒருசேரச் சீராக்கி அதை வளர்க்கும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் இன்று ச்சிகோங் என்ற ஒரே பெயர். இந்தப் பயிற்சிகளின் சுவடு பிடித்துச் சீனாவில் ரயிலேறுபவர்களுக்கு ஒரு விநோதம் காத்திருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து தெற்கே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகிறது. கையும் காலும் அசையும் விதம் அதிகம் மாறுவதில்லை. ஏன் அசைக்க வேண்டும் என்று சொல்லப்படும் காரணம்தான் ஊருக்கு ஊர், ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது.

தெற்கே திரும்புவதற்கு முன் கிழக்கே ஒரு கடற்கரைக்குப் போய்வர வேண்டும். பெய்தாய்ஹே, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் கோடையைக் கழிக்கும் ஊர். 1956இல் இங்கே ச்சிகோங்குக்கென்றே ஒரு மருத்துவ இல்லம் எழுந்தது. அதன் பின்னால் இருந்தவர் லியு குய்ஜென். ஹேபெய் மாநிலத்துக் கட்சி ஊழியரான அவரை 1940களில் வயிற்றுப்புண் படுத்தி எடுத்தது. மருந்து எதுவும் கேட்கவில்லை. சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார். குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் பரம்பரையாக வந்த மூச்சுப் பயிற்சி ஒன்று இருந்தது: நாக்கை மேலண்ணத்தில் வைத்து, மூச்சை இடையில் நிறுத்தி, மனத்துக்குள் ஒரு வாசகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பயின்ற லியு உடல் தேறி வேலைக்குத் திரும்பினார். மேலதிகாரிகள் வியந்தார்கள், ஊக்கமும் தந்தார்கள். மருத்துவர் குறைவாகவும் நோயாளிகள் கணக்கில்லாமலும் இருந்த காலம். செலவில்லாத வைத்தியம் என்றால் கட்சிக்கு என்ன கசக்குமா?

ஆனால் கிராமத்துப் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதே. 1949இல் லியுவும் அவருடைய சகாக்களும் கூடிப் பேசி அதற்கு ச்சிகோங் சிகிச்சை என்று பெயரிட்டார்கள். சாமி வாடை வீசியதெல்லாம் கழிக்கப்பட்டது. தங்க நாகத்தின் நகம் தியான அறையில் வீற்றிருப்பதாகச் சொன்ன பழைய வாசகம் போய், உடல்நலத்துக்காக அமர்ந்து பழகுகிறேன் என்ற பொருள்படும் வாசகம் வந்தது. வயிற்றுப்புண் அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1957இல் லியுவின் நூல் வெளியானது. 1960களின் நடுவில் காற்று திசை மாறியது. மூடநம்பிக்கை பரப்புகிறார் என்று பத்திரிகைகள் தாக்கின, லியு பதவியிழந்து பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டார். பெய்தாய்ஹே இல்லத்தின் கதவு 1980இல்தான் மறுபடி திறந்தது.

அந்த இருண்ட ஆண்டுகளில் பயிற்சியைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. குவோ லின் ஓவியர். கருப்பைப் புற்றுநோய்க்குப் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இரண்டு முறை உள்ளிழுத்து ஒரு முறை வெளிவிடும் மூச்சோடு நடக்கும் முறை ஒன்றைத் தானே வகுத்து, 1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங் பூங்காக்களில் கற்றுத்தந்தார். காவல்துறை துரத்தினால் அடுத்த பூங்கா. அதற்கு முன்பு ச்சிகோங் என்பது குருவின் அறைக்குள் ஒருவருக்கு ஒருவர் என்றிருந்தது. திறந்தவெளியில் கூட்டமாகப் பழகும் வழக்கத்துக்கு வழிவிட்டவர் அவர்தான். அந்த நடை புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. சிகிச்சைக்கு இடையே நோயாளிகள் வீட்டுக்குள் முடங்காமல் வெளியே வந்து நடந்தார்கள் என்பதும் சின்ன விஷயமில்லை.

பிறகு வந்ததற்குக் காய்ச்சல் என்றுதான் பெயர். சீனர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். 1978இல் ஷாங்காய் ஆய்வாளர் கு ஹான்சென், குருவின் கையிலிருந்து வெளிப்படும் ச்சியைக் கருவியில் அளந்துவிட்டதாக அறிவித்தார். தனக்குள் வளர்த்துக்கொள்வதாக இருந்த ச்சி, அடுத்தவர்மேல் பாய்ச்சக்கூடியதாக மாறிய இடம் இது. 1987வாக்கில் யான் ஷின் என்பவர் 2000 கி.மீ. தொலைவிலிருந்து நீரின் மூலக்கூறுகளையே மாற்றிக் காட்டியதாகச் செய்திகள் வந்தன. அரங்கம் நிரம்பி வழிய அவர் உரையாற்றினார், கேட்டவர்கள் அழுதார்கள், ஆடினார்கள். சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தையான ச்சியென் ஷுவேசென்னே இதெல்லாம் புதிய அறிவியல் என்று ஆதரித்தார். பெரிய விஞ்ஞானி ஒருவர் தன் துறைக்கு வெளியே கைகாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். 1988இல் அமெரிக்க ஐயவாதிகள் குழு ஒன்று வந்து எளிய சோதனை வைத்தது. குருவையும் நோயாளியையும் தனித்தனி அறையில் இருத்தி, குரு எப்போது ச்சியைச் செலுத்துகிறார் என்பதை நோயாளி அறியாதபடி செய்தார்கள். நோயாளி நெளிந்த நேரமும் குரு செலுத்திய நேரமும் பொருந்தவேயில்லை.

காய்ச்சல் 1999இல் அரசியலில் முட்டி இறங்கியது. ஏப்ரல் 25 அன்று ஃபாலுன் கோங் என்ற ச்சிகோங் இயக்கத்தினர் ஏறத்தாழ 10,000 பேர் பெய்ஜிங்கில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகத்துக்கு வெளியே கூடினார்கள். ஜூலையில் இயக்கம் தடைசெய்யப்பட்டது, கடும் ஒடுக்குமுறை தொடர்ந்தது. மற்றக் குழுக்களும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 2003இல் வந்த அரசு வரிசைகளில் குரு இல்லை, அற்புதம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. வெறும் அசைவும் மூச்சும். வான ஆலயத்து ஒலிபெருக்கியின் பின்கதை இது. உடற்பயிற்சி வரிசையாகப் பார்த்தால் குறைசொல்ல இடமில்லை, கொஞ்சம் உப்புக் குறைவு, அவ்வளவுதான்.

அந்த வெறும் அசைவைத்தான் இப்போது மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 24 வாரம் பயிற்சி தந்தார்கள். தாய்ச்சி குழுவுக்கு நிலைதடுமாறாமல் நிற்கும் திறன் மற்ற இரு குழுக்களைவிட மேம்பட்டது. தசைநீட்டும் பயிற்சி செய்த குழுவைவிட அவர்கள் விழுவதும் குறைந்தது. சீனாவில் ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், ஓராண்டு தாய்ச்சி பழகியவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. வேகநடை போன்ற பயிற்சி செய்தவர்களுக்கு 4.6 புள்ளி. ச்சியை அளந்த ஆய்வுகள் அல்ல இவை. தாய்ச்சி ஆடுகிறோம் என்று ஆடுபவருக்கே தெரியாமல் ஒரு சோதனையும் நடத்த முடியாது; பலன் மெதுவான அசைவாலா, மூச்சாலா, கூட்டத்தோடு செய்வதாலா என்று பிரித்தெடுப்பதும் கடினம். 2020 பிப்ரவரியில் வூஹானின் ஜியாங்ஷியா தற்காலிக மருத்துவமனையில் லேசான கொரோனா பாதிப்புள்ளவர்கள் முகக்கவசத்தோடு பாதுவான்ஜின் செய்த காட்சியை உலகமே பார்த்தது. அவர்களுக்கு அந்த நேரத்தில் இந்தக் கேள்விகள் தேவைப்பட்டிருக்காது.

பெய்ஜிங்கை விட்டுக் கிளம்புமுன் பாய்யுன் குவானில் ஒரு கல்லைப் பார்த்துவிட வேண்டும். வெண்முகில் ஆலயம் என்று பொருள்படும் இந்தத் தாவோ மடம், செங்கிஸ்கானை நேரில் சந்தித்து ஆயுள் நீளும் வழி பற்றிப் பேசிய துறவி ச்சியூ சூஜியின் நினைவிடம். சாகாமருந்து எதுவும் தன்னிடம் இல்லை என்று அந்தப் பேரரசனின் முகத்துக்கு நேரே சொன்னதாக அவருக்குப் பெயர். சொல்ல வேண்டிய விஷயம்தான்: பாதரசமும் இங்குலிகமும் கலந்த சாகாமருந்தைத் தின்றே தாங் வம்சத்துப் பேரரசர்கள் சிலர் செத்துப்போயிருந்தார்கள். அதன்பிறகு தாவோ மரபு அடுப்பையும் கொப்பரையையும் உடலுக்குள்ளேயே தேடத் தொடங்கியது.

அந்தத் தேடலின் வரைபடம்தான் அந்தக் கல். நேஜிங்தூ. 1886இல் லியு செங்யின் என்ற அரண்மனை அலுவலர் செதுக்கச் செய்தது. பக்கவாட்டில் அமர்ந்த மனித உடல் ஒன்று மலையும் ஓடையுமாக வரையப்பட்டிருக்கிறது. முதுகெலும்பின் அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் மிதிச்சக்கரம் மிதித்து நீரை மேலே ஏற்றுகிறார்கள். வயிற்றில் ஒருவன் மாடு பூட்டி உழுகிறான். அதற்கு மேலே ஒரு பெண் நூல் நூற்கிறாள். தலைக்குள்ளே தாவோ ஞானி லாவோஸி அமர்ந்திருக்க, அவருக்குக் கீழே கைகளை உயர்த்தியபடி நிற்கிறார் நீலக்கண் அந்நியத் துறவி. வேறு யாருமில்லை, போதிதர்மர். அவரைப் பற்றிய கதை இன்னும் தெற்கே.

ஹேனான் மாநிலத் தலைநகர் ஜெங்ஜோவில் இறங்கி மஞ்சள் நதியைக் கடந்தால் வென் மாவட்டத்தில் சென்ஜியாகோவ் கிராமம். சென் குடும்பத்தாரின் ஊர். தாய்ச்சி பிறந்த இடம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இதற்கு ஆதாரமும் உண்டு. ஒன்பதாம் தலைமுறையைச் சேர்ந்த சென் வாங்திங் மிங் ஆட்சிக்காலத்தில் உள்ளூர்ப் படையின் தலைவர். 1644இல் அந்த வம்சம் கவிழ்ந்தது. வேலையில்லாமல் வீட்டோடு இருந்த முதிய வீரர், தான் அறிந்த போர்முறைகளைத் தாவோ மூச்சுப் பயிற்சியோடு சேர்த்துப் புதிதாக வரிசை கட்டினார். தளபதி ச்சி ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய படைப்பயிற்சி நூலில் உள்ள 32 கைப்போர் நிலைகளில் 29, சென் குடும்ப வரிசைகளில் தென்படுகின்றன. 1930களில் கிராமத்துக்கே வந்து குடும்ப ஏடுகளைப் புரட்டி இதைக் காட்டியவர் தாங் ஹாவ் என்ற வரலாற்றாளர். தாய்ச்சியை உருவாக்கியவர் வூதாங் மலைத் துறவி ஜாங் சான்ஃபெங் என்ற கதையை நம்பியவர்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது, அடிக்கக்கூட ஆள் திரட்டினார்கள் என்பார்கள்.

பூங்காவில் தாய்ச்சி பார்த்துப் பழகிய கண்ணுக்கு சென்ஜியாகோவ் அதிர்ச்சி தரும். இங்கே அது மெதுவாக மட்டும் நகர்வதில்லை. இடுப்பு நாற்காலி உயரத்துக்கு இறங்குகிறது. பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து நூல் அறாமல் இழுப்பதைப்போலக் கை சுழன்று சுழன்று வருகிறது. திடீரென்று கால் தரையில் இடிக்க, முழங்கை தெறிக்கிறது. ச்சி இங்கே தத்துவமில்லை. காலில் தொடங்கி இடுப்பில் திரும்பி விரலில் முடியும் விசை எங்கேயும் தட்டாமல் போக வேண்டும், அதற்குச் சொல்லித்தர வசதியான ஒரு வார்த்தை. தோளை இறுக்கினால் ச்சி மேலேறிவிட்டது என்பார் ஆசிரியர். தொடை நடுங்கும் மாணவருக்கு அது சட்டென்று புரிந்துவிடும். இருவர் கையோடு கை ஒட்டி ஒருவரை ஒருவர் நிலைகுலைக்கும் தள்ளுகைப் பயிற்சியில் அது இன்னும் தெளிவாகும்: எதிராளி எங்கே விறைக்கிறார் என்பதைத் தோலே சொல்லிவிடும்.

வெளியாருக்குக் கற்றுத்தராத குடும்பவித்தை எப்படி ஊரைவிட்டுப் போனது? சென் சாங்ஷிங்கிடம் கற்ற யாங் லூச்சான் வழியாக. ஒளிந்திருந்து பார்த்துக் கற்றார் என்ற கதை சீனத் திரைப்படங்களுக்குப் பிடித்தமானது. கற்றவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெய்ஜிங் போய் மஞ்சு பிரபுக்களுக்கு ஆசிரியரானார். அவர் வம்சத்தில் அசைவுகள் மெல்லமெல்ல மிருதுவாயின. அந்த மிருதுவே உலகெங்கும் பரவி, 2020இல் யுனெஸ்கோ பட்டியல் வரை போனது. சண்டைக்கு உதவுமா என்ற பழைய கேள்வியும் கூடவே போனது. 2017இல் கலப்புச் சண்டை வீரர் ஷு ஷியாவ்தோங், தாய்ச்சி ஆசிரியர் வேய் லேயைச் செங்டுவில் எதிர்கொண்டு அரை நிமிடம்கூட ஆகாமல் தரையில் வீழ்த்தினார். காணொளி நாடெங்கும் பரவியது. பாராட்டைவிட வசவுதான் ஷுவுக்கு அதிகம் கிடைத்தது. எதிராளி முழு வேகத்தில் அடிக்கும் பயிற்சியே இல்லாமல் ச்சி மட்டும் காப்பாற்றும் என்று நம்பிய ஒருவரின் தோல்வி அது. கிராமத்தில் வியர்வை சிந்துபவர்கள் இதை மறுப்பதில்லை.

மஞ்சள் நதிக்குத் தெற்கே, தெங்ஃபெங் ஊரை ஒட்டிய சோங்ஷான் மலையில் ஷாவ்லின் மடம். தமிழர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி இறங்கும் இடம். ‘ஏழாம் அறிவு’ படம் பார்த்த தலைமுறைக்குக் கதை தெரியும்: காஞ்சியிலிருந்து கிளம்பிய பல்லவ இளவரசர் போதிதர்மர் இங்கே வந்து துறவிகளுக்குச் சண்டையும் மருத்துவமும் கற்றுத்தந்தார். மலைமேல் அவர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து அமர்ந்த குகையைக் காட்டுகிறார்கள். ஏறுவதற்குப் படிகள் ஏராளம். மூச்சுப் பயிற்சி வேறு தேவையில்லை.

ஏடுகள் சொல்வது வேறு. மடம் 495இல் பாதுவோ என்ற இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, 547வாக்கில் யாங் ஷுவான்ஜி எழுதியது, அவரை மேற்குத் தேசத்துப் பாரசீகர் என்கிறது. அடுத்து வந்த தான்லின், தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறார். நம் பக்கத்துக்கு அது பலம்; காஞ்சி என்ற ஊர்ப்பெயர் மட்டும் இரண்டிலும் இல்லை. இருவருமே அவர் யாரையும் உதைத்ததாகவோ உதைக்கக் கற்றுத்தந்ததாகவோ சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே மடத்தில் பயின்று கம்புச்சண்டை நூல் எழுதிய செங் சோங்யோவ்கூட, அந்த வித்தையைக் கின்னர தேவனோடுதான் இணைக்கிறார்.

கதை முளைத்த இடம் யிஜின்ஜிங் என்ற நூல். தசைநார்களை மாற்றியமைக்கும் சூத்திரம். உடலைத் தேய்த்தும் மர உலக்கையால் தட்டியும் ச்சியை உள்ளே திணித்து இரும்பாக்கிக்கொள்ளும் முறைகளைச் சொல்கிறது. இதைப் போதிதர்மரே விட்டுச்சென்றார் என்று தாங் வம்சத் தளபதி லி ஜிங் 628இல் எழுதியதாக ஒரு முன்னுரை. அதில் ஓட்டை பெரிது: நூலைத் தனக்குத் தந்ததாக லி ஜிங் குறிப்பிடும் சுருள்தாடி வீரன் பிற்காலக் கதையொன்றில் வரும் கற்பனைப் பாத்திரம். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் லிங் திங்கான் இதைப் பிடித்து, எழுதியவன் படிப்பறிவு போதாத ஏதோ கிராமத்து வாத்தியாராக இருக்க வேண்டும் என்று கேலி செய்தார். தாங் ஹாவும், பிறகு இஸ்ரேலிய வரலாற்றாளர் மெய்ர் ஷாஹரும் ஆராய்ந்தபோது, 1624இல் ஒரு தாவோ துறவி எழுதிய நூல் என்று தெரியவந்தது. பௌத்த மடத்துக்குத் தாவோ பயிற்சி வந்து சேர்ந்த வழியும் இதனால் புலப்பட்டது. போலி முன்னுரை வரலாற்றுக்குச் செய்த உபகாரம். 2003 அரசு வரிசைகளில் இந்த யிஜின்ஜிங்குக்கும் இடமுண்டு, உலக்கை மட்டும் இல்லை.

உடலை இரும்பாக்கும் ஆசை ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. 1900இல் ஷாந்தோங் பக்கத்திலிருந்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்கள், தெய்வம் இறங்கினால் குண்டு துளைக்காது என்று நம்பித் துப்பாக்கிகளுக்கு எதிரே ஓடினார்கள்.

ஜெங்ஜோவிலிருந்து ரயில் யாங்ஸியைக் கடந்து ஹூனான் போகிறது. சாங்ஷாவில் உள்ள மாகாண அருங்காட்சியகத்தில் வரிசை எப்போதும் நீளம். எல்லோரும் ‘டாய் சீமாட்டி’யைப் பார்க்க வருகிறார்கள். மாவாங்துய் மேட்டில் 1972இல் தோண்டியெடுக்கப்பட்ட ஷின் ஜுய்; 2,100 ஆண்டுகளுக்குப் பிறகும் தோல் மிருதுவாக, கைகால் மடங்கும்படி இருந்த உடல். அந்த நெரிசலில் அரை மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டுத்துணியைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்துக் கல்லறையில் 1973இல் துண்டுதுண்டாகக் கிடைத்தது. அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. நான்கு வரிசை, வரிசைக்கு 11 பேர், ஆக 44 உருவங்கள். ஆணும் பெண்ணும், முதியவரும் இளையவரும், சிலர் மேலாடையின்றி. கை உயர்த்துகிறார்கள், குனிகிறார்கள், கம்பு பிடித்து உடலைத் திருப்புகிறார்கள். பக்கத்தில் கரடி, நாரை, குரங்கு என்று சிறு குறிப்புகள். முழங்கால் வலிக்கு, காது கேளாமைக்கு என்று சில. பல குறிப்புகள் அழிந்துவிட்டன. சுவரொட்டிகளில் தெரியும் முழுப்படம் மீட்டமைப்பாளர்கள் நிரப்பி வரைந்தது. அதை வைத்தும் புதிதாக ஒரு வரிசை கட்டி ‘மாவாங்துய் பயிற்சி’ என்று அரசு வெளியிட்டுவிட்டது, அதற்கும் ஒலிப்பதிவு உண்டு.

ஆயுளுக்காகக் கரடிபோலத் தொங்கிப் பறவைபோலக் கழுத்து நீட்டுகிறவர்களை ஜுவாங்ஸி என்ற பழைய தாவோ நூல் ஏற்கெனவே கிண்டல் செய்திருக்கிறது. ஆகப் பட்டில் இருப்பது அன்றைக்கே பரவலான வழக்கம். இந்தப் பட்டிலேயே இன்னொரு பகுதி, தானியத்தை விலக்கிவிட்டு ச்சியை உண்பது எப்படி என்று விளக்குகிறது. எந்தப் பருவத்தில் எந்தக் காற்றை உள்ளிழுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. நாடிகளைப் பற்றிய குறிப்பும் அதே துணியில்.

பட்டோடு புதைக்கப்பட்டவர் சீமாட்டியின் மகன் என்று கருதப்படுகிறார்; முப்பது வயதை ஒட்டி இறந்துபோனவர். அம்மா அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதுவாக்கில் போனார். உடலை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்கள் இதயத் தமனி அடைப்பு, பித்தப்பைக் கல், கூடுதல் எடை என்று பட்டியல் போட்டார்கள். கடைசிச் சாப்பாடு அவருக்குச் செரிக்கவே இல்லை: வயிற்றிலும் குடலிலுமாக 138 முலாம்பழ விதைகள் இருந்தன.